தூக்கிப் போட்ட வால்வு திரும்பி வந்த கதை

போன எபிசோடுல தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைப் பத்திப் பேசுறதா சொல்லியிருந்தேன். கோட்டைக்குப் போனது உண்மை. ஆனா அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, மீன் இறங்குற இடத்துக்குப் பக்கத்துல ஒரு எஞ்சின் ஒர்க்‌ஷாப்ல மாட்டிக்கிட்டேன். ஒரு மதியம் முழுக்கப் போச்சு. அதனால இன்னைக்குக் கோட்டை இல்ல, ஒரு வால்வு.

ஷெட்டுக்குள்ள இருந்தது எல்லாமே மீனவர்களோட டீசல் எஞ்சின்கள். நடுவுல சம்பந்தமே இல்லாம, நிறம் வெளுத்துப் போன ஒரு பழைய சீ-டூ ஜெட் ஸ்கி. ஊர்ப் பையன் ஒருத்தன், சுற்றுலா வர்றவங்களுக்கு சவாரி விடலாம்னு கடன் வாங்கி, ரெண்டாம் கையா வாங்கியிருக்கான். மெதுவா ஓட்டினா நல்லா போகுது. முழுசா முறுக்கினா ஒரு அளவுக்கு மேல வேகம் ஏறல. வெளியூர்ல காட்டினதுக்கு "எஞ்சின் போச்சு, முழுசா பிரிச்சுக் கட்டணும்"னு சொல்லிட்டாங்களாம். சொன்ன தொகை, அவன் வண்டி வாங்கின விலையில பாதி.

ஒர்க்‌ஷாப் அண்ணன் அதை நம்பல. எஞ்சினோட எக்ஸாஸ்ட் பக்கம் இருந்த ஒரு சின்ன மூடியைக் கழட்டி, உள்ள இருந்து ஒரு தகடை இழுத்தார். வரல. கொஞ்சம் தட்டி, ஆட்டி, திரும்ப இழுத்தார். தார் பூசின மாதிரி கன்னங்கரேல்னு வெளிய வந்தது. "இதான் தம்பி வால்வு. ஒட்டிக்கிச்சு"ன்னார்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன், வேலை மட்டும்தான் சாஃப்ட்வேர். காலேஜ்ல முதல்ல மனப்பாடம் பண்ண வரிகள்ல ஒண்ணு, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வால்வு கிடையாது. அப்போ அவர் கையில இருக்கிறது என்ன?

இதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும். இரண்டு வீச்சில் ஓடுற எஞ்சினை முதல்ல செஞ்சவர் டுகால்ட் கிளர்க், 1881 காப்புரிமை. ஆனா நமக்குத் தெரிஞ்ச எளிமையான வடிவம் இங்கிலாந்தோட பாத் நகரத்துல ஜோசப் டே என்பவரோட பட்டறையில பிறந்தது. 1891ல காப்புரிமை. அவருக்குக் கீழ வேலை பார்த்த ஃபிரெடெரிக் காக் அதை இன்னும் எளிமையாக்கினார். சிலிண்டர் சுவர்ல ஓட்டை போடு, பிஸ்டனே மேல கீழ போகும்போது அந்த ஓட்டைகளை மூடித் திறக்கட்டும். வால்வு, கேம், ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். நகர்ற முக்கியப் பாகம் மூணே மூணு: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். இவ்வளவு குறைவான பாகத்துல ஓடுற எஞ்சின் விலையும் குறையும், எடையும் குறையும்.

நம்ம ஊருக்கு அது டிவிஎஸ் 50 ஆக வந்தது. 1980, ஓசூர். தரங்கம்பாடியில இருந்து மீன் கூடையை ஏத்திக்கிட்டு மாயவரம் பக்கம் போன வண்டி அதுதான். அதுல பெட்ரோலோட டூ டி ஆயிலைக் கலந்து ஊத்துவாங்க, ஞாபகம் இருக்கா? கிராங்க் இருக்கிற அறை வழியாத்தான் எரிபொருள் கலவை போகுது. அங்க தனியா ஆயில் தேக்கி வைக்க முடியாது. அதனால எரிபொருளோடவே ஆயிலும் போய், மசகு வேலையை முடிச்சுட்டு, அதுவும் சேர்ந்து எரியும். முழுசா எரியாது. மிச்சம் வெளிய போற வழியெல்லாம் கரியா படியும். சைலன்சரைக் கழட்டி நெருப்புல காட்டிக் கரி எடுக்கிறதை நம்ம அப்பாக்கள் காலத்து மெக்கானிக் கடை வாசல்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க.

இந்த எஞ்சினுக்கு இன்னொரு குறையும் உண்டு. புதுக் கலவை உள்ள வரும்போது எக்ஸாஸ்ட் ஓட்டையும் திறந்தேதான் இருக்கு. கலவையில ஒரு பங்கு எரியாமலேயே வெளிய ஓடிடும். சில சமயம் கால் பங்குக்கும் மேல.

இதுக்கு ஒரு தீர்வு கண்டவர் வால்டர் காடன். இரண்டாம் உலகப் போர்ல பீனமுண்டேயில ஜெர்மன் ஏவுகணை வேலையில இருந்தவர். போருக்கு அப்புறம் கிழக்கு ஜெர்மனியில எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியோட பந்தயப் பிரிவு. சைலன்சர் குழாயை நடுவுல உப்பலாவும் கடைசியில குறுகலாவும் செஞ்சா, வெளிய போற அழுத்த அலை முனையில மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடுற கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ளயே தள்ளும். நகர்ற பாகம் எதுவும் சேர்க்காம, குழாயோட வடிவத்தை மட்டும் மாத்தி சக்தியை ஏத்தினார். 1961ல அவரோட 125 சிசி எஞ்சின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் கணக்குல ஓடிச்சு.

அதே வருஷம் செப்டம்பர்ல, ஸ்வீடன்ல நடந்த பந்தயத்தப்போ அவரோட ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பி மேற்கே போயிட்டார். மனைவி, பிள்ளைகளை ஏற்கனவே கிழக்கு ஜெர்மனியில இருந்து ரகசியமா வெளிய எடுத்தாச்சு. டெக்னர் நேரா சுசுகியில சேர்ந்தார். 1962ல சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். காடனோட வித்தை அப்படித்தான் ஜப்பானுக்குப் போச்சு. இதுக்குத் தனி எபிசோடே போடலாம், போடுவேன்.

ஆனா காடனோட குழாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது. அலை சரியான நேரத்துக்குத் திரும்பி வரணும்னா எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்துல சுத்தணும். அதுக்குக் கீழ எஞ்சின் சோம்பலா இருக்கும். அந்த வேகத்தைத் தொட்டதும் குப்புனு பாயும். எக்ஸாஸ்ட் ஓட்டையை உயரமா வெட்டினா மேல் வேகத்துக்கு நல்லது, தாழ்வா வெட்டினா கீழ் வேகத்துக்கு நல்லது. வெட்டின ஓட்டையை ஓடும்போது மாத்த முடியாதே? முடியும்னு 1977ல யமஹா தன்னோட 500 சிசி பந்தய வண்டியில காட்டிச்சு: ஓட்டையோட மேல் விளிம்புல நகர்ற ஒரு தடுப்பு. நம்ம ஆர்எக்ஸ் 100லயும் ராஜ்தூத் 350லயும் இது கிடையாது. ஆஸ்திரியாவோட ரோட்டாக்ஸ் தன் பங்குக்கு ஒரு தகடு வெச்சது, பேரு ரேவ் வால்வு. 1970லேயே ரோட்டாக்ஸ் கனடாவோட பம்பார்டியர் கைக்குப் போயிருந்தது. பம்பார்டியரோட ஜெட் ஸ்கிதான் சீ-டூ. 1995ல எக்ஸ்பி 800 மாடல் இந்தத் தகடோட வந்தது.

அதாவது, எளிமைக்காக 1890கள்ல தூக்கிப் போட்ட வால்வு நூறு வருஷம் கழிச்சு வேற வேஷத்துல உள்ள வந்துடுச்சு. அதுவும் கரி அதிகமா படியற இடத்துலயே வந்து உக்காந்துக்கிச்சு. பழைய கோடுல ஒரு மாட்யூலைத் தூக்கிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அதே வேலைக்கு ஒரு பேட்ச் போட்டவங்களுக்கு இது புரியும்.

அண்ணன் செஞ்ச வேலை இதுதான். தகடோட கம்பி முனையில ஒரு ரப்பர் துருத்தி இருக்கு, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா. எக்ஸாஸ்ட் அழுத்தம் ஒரு சின்னத் துளை வழியா வந்து அந்தத் துருத்தியை உப்ப வைக்கும், தகடு மேல ஏறி ஓட்டை பெருசாகும். வேகம் குறைஞ்சா ஸ்பிரிங் தகடைக் கீழ தள்ளும். கரி ஒட்டி தகடு கீழயே நின்னுட்டா முழு வேகம் வராது. பையனோட வண்டிக்கு நடந்தது அதுதான். மேலயே நின்னுட்டா கிளம்பும்போது இழுவை இருக்காது.

முதல்ல துருத்தியைத் தனியா எடுத்து வெச்சார். டீசலும் கிளீனரும் ரப்பர்ல பட்டா ஊதிக் கெட்டுடும். வெளிச்சத்துல பிடிச்சு மடிப்பு மடிப்பா விரிச்சுக் கீறல் இருக்கான்னு பார்த்தார். தகடை டீசல்ல ஊறப் போட்டு, நைலான் பிரஷ்ஷால தேய்ச்சார். நான் உப்புத்தாளை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். கோடு விழுந்தா அங்கதான் அடுத்த கரி பிடிக்குமாம். தகடு நகர்ற பள்ளத்தையும் அந்தச் சின்னத் துளையையும் சுத்தம் பண்ணினார். துளை அடைச்சிருந்தா தகடு எவ்வளவு பளபளன்னு இருந்தும் பிரயோஜனம் இல்ல. மாட்டும்போது தகடோட முனையை ரெண்டு தடவை பார்த்தார். அது சிலிண்டர் வளைவுக்கு ஏத்த மாதிரி சாய்வா வெட்டியிருக்கு, பக்கம் மாறக் கூடாது. விரலால தள்ளினா தானா திரும்பி வரணும். வந்தது. ரெண்டு சிலிண்டருக்கும் இதே வேலை.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினே வெச்சுக்கல?"ன்னு கேட்டேன். சிரிச்சார். கேரளாவுல மீனவர்கள் மண்ணெண்ணெய்ல ஓடுற அவுட்போர்டுக்குப் போனாங்க. இந்தக் கரையில பெரும்பாலும் டீசல், நீளமான தண்டு வெச்ச லாங் டெயில். காரணமா அவர் சொன்னது: டீசல் எந்த பங்க்லயும் கிடைக்கும், ஆயில் கலக்க வேண்டாம், கெட்டா ஊர்லயே சரி பண்ணலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்குல வந்தது, கட்டுமரம் ஓரம் போச்சு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு எஞ்சின். எஞ்சினைப் பிரிக்கத் தெரிஞ்ச கை ஊர்லயே வேண்டியிருந்தது. அலை உடையுற இடத்துல எஞ்சின் நின்னா, படகு குறுக்க திரும்பிக் கவிழும். வெளியூர் மெக்கானிக்குக் காத்திருக்க முடியாது.

டேனிஷ்காரங்க 1620ல வந்து கோட்டை கட்டினப்பவும் இதே அலைதான். கப்பல் ஆழத்துல நிக்கும். சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தது, ஆணி அடிக்காம கயித்தால தைச்ச மசூலா படகுகள். ஆணி அடிச்ச பலகை அலையில மோதினா பிளக்கும், தைச்சது வளைஞ்சு கொடுக்கும். தையல் இத்துப் போனா பிரிச்சுத் திரும்பத் தைப்பாங்க.

சாயங்காலம் ஜெட் ஸ்கிக்குத் தண்ணிக் குழாய் மாட்டினாங்க. பையன் அவசரத்துல குழாயை முதல்ல திறக்கப் போனான். அண்ணன் சத்தம் போட்டார். முதல்ல எஞ்சின், அப்புறம் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, அப்புறம் எஞ்சின். மாத்திப் பண்ணினா எக்ஸாஸ்ட் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள ஏறிடும். அப்போ நிஜமாவே எஞ்சினைப் பிரிக்கணும்.

கூலியா என்ன வாங்கினார்னு நான் கேட்கல. துருத்தி ஒண்ணுல லேசா வெடிப்பு இருந்தது, புதுசு வாங்கச் சொன்னார். டூ ஸ்ட்ரோக் சீ-டூ நின்னு வருஷம் ஆச்சு, அமெரிக்காவுல புகை விதிகள் இறுகினதும் எல்லாரும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போயிட்டாங்க. பையன் ஷெட் வாசல்ல நின்னு போன்ல அந்தப் பாகத்தைத் தேடிக்கிட்டு இருந்தான். கிடைச்சது, அமெரிக்காவுல. அனுப்புற செலவு பாகத்தோட விலையை விட அதிகம்.