அறுபதுகளின் திரையிசை ஏக்கம்: வானொலி, பதிவு, மறதி

முன்னுரை

1960களின் தமிழ்த் திரைப்பாடல்களைப் 'பொற்காலப் பாடல்கள்' எனச் சுட்டும் வழக்கம் இன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மெல்லிசை மேடைகளிலும் நிலைபெற்றுள்ளது. அக்கால இசை மரபு வழுவாத தூய்மை உடையது என்பதும், பிற்கால இசை அயல்கலப்பால் தன் இயல்பை இழந்தது என்பதும் இவ்வழக்கின் உட்கிடை. கடந்தகால ஏக்கத்தைக் குறிக்கும் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல்லை 1688இல் ஜோகன்னஸ் ஹோஃபர் ஒரு நோயின் பெயராக ஆக்கினார். ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில், இழந்ததை அப்படியே மீட்டெழுப்ப விழையும் ஏக்கத்தையும், இழப்பை எண்ணிப்பார்க்கும் ஏக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். அறுபதுகள் குறித்த தமிழ் ஏக்கம் பெரும்பாலும் முதல்வகையைச் சார்ந்தது. அவ்வேக்கம் எவற்றை நினைவில் கொள்கிறது, எவற்றை விடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விலக்கப்பட்ட இசை

1952இல் மத்திய செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரையிசையைத் தரம் தாழ்ந்ததாகவும் மேற்கத்திய மெட்டுகளின் கலப்பாகவும் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் எனக் கூறி அதனையும் வானொலி நிறுத்தவே, தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். இவ்வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு நிரப்பியது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக அமைக்கப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப்பின் இலங்கை வசமானதே இதற்கு வழிவகுத்தது. எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழக இல்லங்களில் பழகிய குரலாயிற்று. 1957 அக்டோபர் 3 அன்று இந்திய அரசு விவித் பாரதியைத் தொடங்கியது. பண்பாட்டுக்கு ஊறு என ஒதுக்கப்பட்ட இசை, ஐந்தே ஆண்டுகளில் அரசின் அலைவரிசைக்குத் திரும்பியது. இன்று மரபின் அடையாளமாகப் போற்றப்படுவது, அன்று மரபின் பெயரால் விலக்கப்பட்ட அதே இசைவகை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கலப்பின் இயல்பு

1952இல் வெளிவந்த 'பணம்' முதல் 1965இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இணைந்து பணியாற்றிய விஸ்வநாதன் – ராமமூர்த்தி இணையரின் இசை இதற்குத் தக்க சான்று. 1964ஆம் ஆண்டுப் படங்கள் மூன்றை மட்டும் நோக்கினாலே போதும். 'காதலிக்க நேரமில்லை' மேற்கத்திய நடன இசையின் தாளங்களை இளைஞர் கேளிக்கைக்குப் பயன்படுத்தியது. 'கர்ணன்' புராணக் கதைக்கு இந்துஸ்தானி இராகங்களையும் வட இந்தியக் கருவிகளையும் கொணர்ந்தது. 'புதிய பறவை' பெரும் இசைக்குழுவையும் மேற்கத்திய இரவுவிடுதி இசையின் சாயலையும் கையாண்டது. அதன் கதையும் ஆங்கிலப் படமொன்றிலிருந்து வங்காளம் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஜே.பி. சந்திரபாபு ஆல்ப்ஸ் மலைநாட்டுப் பாடல்முறையான யோடலிங்கைத் தமிழ் நகைச்சுவைப் பாடலில் புகுத்தினார். அக்கால இசையமைப்பாளர்கள் அயலிசையைத் தயக்கமின்றி ஏற்றனர் என்பதை இவற்றால் அறியலாம். அக்கால இசையின் ஆற்றலே இக்கலப்பில் அமைந்திருக்க, அதன்மீது தூய்மை என்னும் பண்பு பின்னர் ஏற்றப்பட்டது.

பதிவும் மறதியும்

இவ்வேற்றத்துக்குத் தொழில்நுட்பமும் துணைநின்றது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். அதன் வில்லையில் படம், பாடகர், இசையமைப்பாளர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்றன. வயலின், அக்கார்டியன், டிரம்பட், பாங்கோஸ் முதலியவற்றை இசைத்த கலைஞர்களின் பெயர்கள் பொதுவாக இடம்பெறவில்லை. 1980களில் ஊர்தோறும் தோன்றிய ஒலிநாடாப் பதிவகங்களில் மக்கள் கையால் எழுதிய பட்டியலைக் கொடுத்து, விரும்பிய பாடல்களை வெற்று ஒலிநாடாவில் பதிந்து பெற்றனர். பாடல் தன் படத்திலிருந்து பிரிந்து, 'பழைய பாடல்' என்னும் புதிய வகைமைக்குள் புகுந்தது. 'கர்ணன்' 2012இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இலும் எண்ணிம முறையில் மறுவெளியீடு கண்டன. 2017இல் சரிகம நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கார்வான்' ஒலிக்கருவி பின்னர்த் தமிழ்ப் பாடல்களுடனும் வந்தது. ஏக்கம் இவ்வாறு விற்பனைப் பொருளாயிற்று.

பதிவு பெற்றவையே ஏக்கத்துக்கு உரியவையாகின்றன. சுற்றுக்கொட்டகைகளும் கூம்பு ஒலிபெருக்கிகளும் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்களும் அதே அறுபதுகளின் கேளிக்கைகளே. சிற்றூர் மக்கள் பலர் திரைப்பாடலைக் கேட்டது திருமணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் கட்டப்பட்ட ஒலிபெருக்கி வழியாகவே. எனினும் இசைத்தட்டில் பதியாத அக்கேட்பனுபவம் இன்றைய 'பொற்கால' நிகழ்ச்சிகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

முடிவுரை

கடந்தகால ஏக்கம் ஆய்வாளருக்குப் பயனுள்ள சான்று. எனினும் அது சுட்டும் காலத்தைவிட, அது தோன்றிய காலத்தையே மிகுதியாக உணர்த்துகிறது. அதனை நேரடி வரலாறாகக் கொள்ளும் ஆய்வு, இசைத்தட்டு வில்லை விட்ட பெயர்களைத் தானும் விட்டுவிடும். அறுபதுகளில் இசைக்குழுக்களில் பணியாற்றியோரும் சுற்றுக்கொட்டகைகளை நடத்தியோரும் முதுமை எய்திவிட்டனர், பலர் மறைந்தும்விட்டனர். எஞ்சியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது தமிழ்க் கேளிக்கை வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும். அப்பணி நிறைவேறும் அளவுக்கே 'பொற்காலம்' என்னும் சொல் வரலாற்றுப் பொருள் பெறும்.