யார் தோளில் சால்வை?

எங்கள் வீட்டில் தாத்தாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்து டவுன் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, இடது தோளில் நீளவாக்கில் மடித்துப் போட்ட துண்டு. சின்ன வயதில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. முதுகலை படிக்கும்போது ஒரு விடுமுறையில் ஆத்தாதான் சொன்னது: "அந்தத் துண்டு ஊருக்குள்ள ஒருநாளும் அவரு தோள்ல ஏறினதில்ல. ஊர்த்தெரு வந்துட்டா இடுப்புல கட்டிக்குவாரு, இல்லேன்னா கக்கத்துல இடுக்கிக்குவாரு. பஸ் ஏறி டவுனுக்குப் போனாத்தான் தோளுக்கு வரும்."

அன்றிலிருந்து பழைய ஓவியங்களையும் போட்டோக்களையும் பார்க்கும்போது என் கண் முதலில் தோளுக்குத்தான் போகிறது. யார் தோளில் துணி இருக்கிறது, யார் தோளில் இல்லை, அந்தத் துணியை நெய்தவர் எங்கே, படத்தை எடுக்கச் சொன்னவர் யார்? இந்தக் கேள்விகளோடு பார்த்தால் சால்வையின் வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

பாரிஸ் சீமாட்டியும் ஸ்ரீநகர் தறியும்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஆங்க்ர் என்ற ஓவியர் வரைந்த மேடம் ரிவியேர் என்ற பெண்ணின் படம் இருக்கிறது. 1806இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. நீல நிற மெத்தையில் சாய்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் கையைச் சுற்றி வழிந்து இறங்குகிறது ஒரு காஷ்மீர் சால்வை. அதன் முந்தியில் வரிசையாகப் பூவேலை. முகத்துக்குக் கொடுத்த கவனத்தைச் சால்வைக்கும் கொடுத்து வரைந்திருக்கிறார் ஓவியர்.

நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு காஷ்மீர் சால்வை பிரான்சில் பெரிய மோகமாகிவிட்டது. பேரரசி ஜோசஃபினிடம் ஏராளமான சால்வைகள் இருந்தன. குரோ என்ற ஓவியர் வரைந்த படத்தில் சால்வைத் துணியிலேயே தைத்த கவுனைப் போட்டு, அதற்கு மேல் இன்னொரு சால்வையையும் போர்த்தி நிற்கிறார் அவர். ஒரு நல்ல சால்வையின் விலை சாதாரணக் குடும்பத்தால் நினைத்தும் பார்க்க முடியாதது. அதனால்தான் பணக்காரர்கள் ஓவியரின் முன்னால் உட்காரும்போது அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தச் சால்வை எப்படி வந்தது? லடாக், திபெத் பீடபூமியில் கடுங்குளிரில் வாழும் ஆடுகளின் அடிமயிர்தான் பஷ்மினா. அதைச் சுத்தம் செய்து நூல் நூற்றவர்கள் காஷ்மீரத்துப் பெண்கள். அவர்கள் இந்தப் பாரிஸ் ஓவியங்களில் இல்லை. நூல் பிறகு தறிக்குப் போகும். 'கனி' என்ற சின்னச் சின்ன மரக்குச்சிகளில் நிறத்துக்கு ஒன்றாக நூலைச் சுற்றி, ஊடுநூலை ஒவ்வொரு நிறமாகக் கோத்து நெய்ய வேண்டும். எந்த இடத்தில் எந்த நிறம், எத்தனை இழை என்பதை 'தாலிம்' என்ற குறியெழுத்தில் எழுதி வைத்து, ஒருவர் உரக்கப் படிக்க நெசவாளிகள் நெய்வார்கள். வேலைப்பாடு அதிகமான ஒரு சால்வைக்கு ஒரு தறியில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஓராண்டுக்கும் மேல் நெய்ததுண்டு.

1846 மார்ச்சில் கையெழுத்தான அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, கிழக்கிந்தியக் கம்பெனி 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் காஷ்மீரத்தைக் குலாப் சிங்குக்குக் கொடுத்தது. நிலத்தோடு மக்களும் கைமாறினார்கள். அவர் ஆண்டுதோறும் பிரிட்டிஷாருக்குச் செலுத்த வேண்டிய காணிக்கையும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது: ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று ஜோடி காஷ்மீர் சால்வைகள். ஆட்டின் எண்ணிக்கை கூட ஒப்பந்தத்தில் உண்டு, நெசவாளியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த நெசவாளியின் நிலை கொத்தடிமையின் நிலைதான். சால்வை வரி வசூலிக்க 'தாக் ஷால்' என்ற தனித் துறையே இருந்தது. வருமானத்தின் பெரும்பகுதி வரியாகப் போகும். தொழிலை விட்டுப் போகவும் முடியாது, முதலாளியை மாற்றவும் முடியாது. தப்பித்து பஞ்சாப் பக்கம் ஓடியவர்கள் பலர். 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஸால்டகர் பகுதியில் நெசவாளிகள் ஊர்வலமாகத் திரண்டு வரியைக் குறைக்கக் கேட்டார்கள். அரசப் படை அவர்கள் மீது பாய்ந்தது. சுடப்பட்டும், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தும் செத்தார்கள். இறந்தவர்கள் 28 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சிகாகோவின் மே நாள் போராட்டத்துக்கு 21 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. நம்முடைய தொழிற்சங்க மேடைகளில் இதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் ஜக்கார்டு தறியில் காஷ்மீர் சால்வையைப் போலவே மலிவாக நெய்து குவித்தார்கள். காஷ்மீரிகள் 'பூட்டா' என்று அழைத்த பூவேலைக்கு உலகம் முழுக்க இன்று பெய்ஸ்லி என்பதுதான் பெயர். நம் சேலைக் கரையில் மாங்காய் என்று சொல்கிறோமே, அதன் உறவுதான் அது. 1870-71இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டபோது சந்தை விழுந்தது. அடுத்து 1877-79 பஞ்சம். நெய்தவர்கள் பட்டினியில் செத்தார்கள், வடிவத்தின் பெயரும் அவர்களிடமிருந்து போய்விட்டது. பாரிஸ் ஓவியத்தில் சால்வை மட்டும் இன்றும் புதிதாகவே இருக்கிறது.

உரித்த தோள், போர்த்திய தோள்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் ஸீலி என்ற போட்டோகிராபரின் ஸ்டுடியோவுக்கு அடிமைகள் சிலர் கொண்டுவரப்பட்டார்கள். ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசிஸ் எடுக்கச் சொன்ன படங்கள் அவை. கறுப்பின மக்கள் வேறு இனம், கீழான இனம் என்று நிரூபிப்பது அவர் நோக்கம். டெலியா என்ற பெண்ணின் உடையை இடுப்புவரை இறக்கிவிட்டுப் படம் எடுத்தார்கள். அவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கண்ணில் என்ன இருக்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் படத்தை இங்கே போடவும் மாட்டேன். அவர் சம்மதித்து எடுத்த படமல்ல அது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1864இல், இன்னொரு கறுப்பினப் பெண் தானாகவே ஸ்டுடியோவுக்குப் போனார். சோஜர்னர் ட்ரூத். நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1826இல் கைக்குழந்தையோடு வெளியேறியவர். சட்டவிரோதமாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகனை நீதிமன்றம் போய் மீட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய போட்டோக்களில் அடர்நிற உடை, வெள்ளைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி, தோள் முழுவதையும் மூடிய வெள்ளைச் சால்வை. கையில் பின்னல் நூல், பக்கத்து மேசையில் பூவும் புத்தகமும். அன்றைய மரியாதையான நடுத்தர வர்க்கப் பெண் எப்படி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வாரோ அப்படி.

அந்தப் படங்களை அட்டைகளாக அச்சடித்துக் கூட்டங்களில் விற்றார். தன் நிழலை விற்று உடலைக் காப்பாற்றுகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அதில் அச்சிட்டார். ஒரு காலத்தில் அவர் உடலையே வேறொருவர் விற்றார். இப்போது அவருடைய நிழலை அவரே விற்கிறார். அதைவிட முக்கியம், அன்றைக்குப் போட்டோவின் உரிமை போட்டோகிராபருக்குப் போவதுதான் வழக்கம். இவர் காப்புரிமையைத் தன் பெயரில் பதிவு செய்தார்.

அந்தச் சால்வை வெறும் அலங்காரமா? 1858இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் சிலர் எழுந்து, நீ பெண்ணே இல்லை, நிரூபித்துக் காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கூட்டத்தின் முன் மார்பைத் திறந்து காட்டினார். இதில் அவமானம் எனக்கில்லை, உங்களுக்குத்தான் என்றார். ஆறு ஆண்டு கழித்து அதே பெண் சால்வையை இழுத்துப் போர்த்தி கேமராவின் முன் உட்காருகிறார். எதைக் காட்டுவது, எதை மூடுவது என்பதை இந்த முறை அவரே முடிவு செய்தார்.

தோள்சீலை

அந்த 1858இலேயே இங்கே, திருவிதாங்கூரில், தோளில் துணி போட்டதற்காகப் பெண்களைத் தெருவில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்சாதிக்காரர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பதுதான் மரியாதை என்பது அங்கே வழக்கம். மதம் மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று ஆங்கிலேய அதிகாரி மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் அவர்கள் கேட்டது அது மட்டுமல்ல. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளின் மேல் சீலை போட வேண்டும் என்றார்கள். 1829இல் அரசாணை அதை மறுத்தது. 1858-59இல் பெரும் கலவரம். வீடுகள் எரிந்தன, சந்தைகளில் பெண்களின் துணிகள் கிழிக்கப்பட்டன. கடைசியில் 1859 ஜூலை 26 அன்று ஓர் ஆணை வந்தது. ரவிக்கை போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் போடக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். மானத்தைக் காப்பதற்குத் துணி என்றால் மார்பை மூடியதோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூடிக்கொள், ஆனால் எனக்குச் சமமாகத் தெரியாதே என்பதுதான் சாதியின் சட்டம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆணை நாடார் பெண்களைப் பற்றியது. புலையர், பறையர் பெண்கள் அதில் பேசப்படவே இல்லை. தோள்சீலைப் போராட்டத்தைப் பெருமையாகப் பேசும் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1893இல் அய்யன்காளி, தலைப்பாகையும் மேல்துண்டுமாக வில்வண்டியில் ஏறி, தடை செய்யப்பட்ட பொதுச்சாலையில் போனார். புலையர் பெண்கள் சாதி அடையாளமாகக் கழுத்தில் போட வேண்டியிருந்த கல்மாலையை அறுத்தெறிய 1915 வரை ஆனது. கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அதற்காக ரத்தம் சிந்திய பிறகு, அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் மாலைகளை அறுத்துப் போட்டார்கள்.

கேரளம்தானே என்று நாம் நிம்மதி அடைய முடியாது. 1930 டிசம்பரில் நம் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேல் உடம்பை மூடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அப்போது என் தாத்தா கைக்குழந்தை.

இந்தச் சண்டைகளில் அடிபட்ட நம் பெண்களின் முகம் எந்தப் போட்டோவிலும் நமக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்ததெல்லாம் 1909இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகளும் பழங்குடிகளும் போன்ற நூல்களின் படங்கள்தான். அவர் அளவுகோலோடு போய் மக்களின் மூக்கை அளந்தவர். அந்தப் படங்களின் கீழே சாதியின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அகாசிஸ் செய்த வேலையிலிருந்து இது அதிக தூரம் இல்லை.

இன்றைய போட்டோ

இதையெல்லாம் எழுதுகிற நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மார்கழி மாதம், நான் இருந்த தொண்டு நிறுவனம் எங்கள் காலனி போன்ற ஒரு காலனியில் போர்வை கொடுத்தது. போட்டோ எடுக்கும் வேலை எனக்கு. நன்கொடையாளர் தோளில் பொன்னாடை. அவர் முன்னால் வயதான பெண்கள் வரிசையாகக் குனிந்து போர்வை வாங்கினார்கள். ஒரு பாட்டி போர்வையை வாங்கி உடனே தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். நான், "பாட்டி, இன்னொரு தடவை கையில வாங்குற மாதிரி நில்லுங்க" என்றேன். அவர் போர்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி குனிந்து வாங்கினார். அந்தப் படம்தான் ஆண்டறிக்கையில் வந்தது. கீழே 'பயனாளி' என்று போட்டிருந்தோம். பெயரை நான் கேட்டிருக்கவே இல்லை.

தாத்தாவின் துண்டை இடுப்புக்கு இறக்கியவன் செய்ததைத்தான் கையில் கேமராவோடு நானும் செய்தேன். எனக்கு இது புரிய வருடங்கள் ஆகின.

தோழர்களே, நம் இயக்கங்களிலும் நிறுவனங்களிலும் களத்தில் போட்டோ எடுக்கிறவர்கள் ஏராளம். மூன்று விஷயம் செய்யலாம். எடுப்பதற்கு முன் கேட்போம், எப்படி நிற்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் விரும்பினால் படத்தின் கீழே பெயரைப் போடுவோம். ஒரு பிரதியை அச்சடித்து அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அந்தப் பாட்டியைத் தேடி அடுத்த வருடம் அந்தக் காலனிக்குப் போனேன். இறந்துவிட்டிருந்தார். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை, உங்ககிட்ட இருக்கா தம்பி என்று மகள் கேட்டார். என்னிடம் இருந்தது குனிந்து வாங்கும் படம்தான். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோள் அதில் வரவில்லை.