கடிகார வேகமும் மின்தடைக் காலமும்: பாறசாலை எல்லையில் ஒரு வரலாறு

பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளை வழியே செல்லும் நெடுஞ்சாலை களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பேச்சாலும் மணவுறவாலும் பிரியாத இந்த ஊர்களை மின்கம்பி பிரித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அதே ஆண்டில் கேரள மின்வாரியத்தின் மின்தடை அரைமணிக் கணக்கில்தான் அளக்கப்பட்டது.

இந்தக் காலத்தில்தான் எல்லையின் இருபுறமும் மாணவர் கைகளுக்குக் கணினி வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதற்கட்டக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. கேரளத்தின் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கி, சில ஆண்டுகளில் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. கொள்கைகள் வேறு. ஆனால் மின்சாரம் நின்றதும் இரு பக்கத்துக் கணினிகளும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொண்டன: மின்கலத்தில் இருப்பதைக் கொண்டு செயலி எந்த வேகத்தில் ஓட வேண்டும்?

வேகத்தைப் பாதியாக்கினால் மின்கலம் இருமடங்கு உழைக்கும் என்பது பரவலான எண்ணம். அது பிழை. செயலியின் இயங்குதிறன் செலவு கடிகார வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. வேகத்தை மட்டும் பாதியாக்கினால் நொடிக்கான செலவு பாதியாகும். வேலை முடியும் நேரமோ இரட்டிக்கும். ஒரு கணக்கைப் போட்டு முடிக்க ஆகும் மொத்த ஆற்றல் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் திரையும் வன்தட்டும் தம் பங்கைக் குடித்துக்கொண்டிருக்கும். மெதுவாக ஓடும் சுற்றுக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதில்தான் சேமிப்பு இருக்கிறது.

இதைத் துல்லியமாக நிறுவியோருள் ஒருவர் சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன். பெர்க்லியில் சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் அவர் 1992இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே வேலையை இரு சுற்றுகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டி, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டாக இறக்கியது. வேலையின் அளவு குறையாமலே செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயிற்று. சிலிக்கான் பரப்பு கூடியதே அதற்குக் கொடுத்த விலை. 1994இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் மார்க் வெய்சரும் உடன் ஆய்வாளர்களும் கேள்வியை இயங்குதளத்தின் பக்கம் திருப்பினர். ஒரு ஜூல் ஆற்றலில் எத்தனை மில்லியன் ஆணைகள் நிறைவேறுகின்றன என்பதை அவர்கள் அளவுகோலாக முன்வைத்தனர். மெகாஹெர்ட்ஸை மட்டுமே விளம்பரம் செய்த ஒரு பத்தாண்டில் இது துணிவான அளவுகோல்.

கடைக்கு வந்தது 2000 ஜனவரியில். இன்டெலின் ஸ்பீடுஸ்டெப் கொண்ட பென்டியம் 3 மடிக்கணினிச் செயலி, மின்னிணைப்பில் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட்டில் ஓடியது. மின்கலத்தில் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு இறங்கியது. வேகம் குறைந்தது 23 சதவீதம். கணக்கிட்டால் நொடிக்கான செலவு 45 சதவீதம் குறைகிறது. ஒரே வேலைக்கான ஆற்றல் 29 சதவீதம் குறைகிறது. மின்னழுத்தத்தைத் தொடாதிருந்தால் இந்த 29 சுழியமாகியிருக்கும்.

அந்தச் செயலி மின்னிணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்த்தது. வேலையின் பளுவைப் பார்த்து முடிவெடுக்கும் பண்பு லினக்ஸ் கருவகத்தில் 2004இல் வந்த ‘ஆன்டிமாண்ட்’ ஆளுகையால் பரவலாயிற்று. எழுதியவர்கள் இன்டெலின் வெங்கடேஷ் பள்ளிபாடியும் ஜுன் நகாஜிமாவும். பளு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியதும் உச்ச வேகம்; தணிந்தால் இறக்கம். இருபுறத்துப் பள்ளிக் கணினிகளின் லினக்ஸும் இந்தக் கருவகத்தின் வழிவந்ததே.

ஆனால் அதன் பயன் எல்லைக்கு எல்லை மாறியது. அரைமணி மின்தடையை எந்த மின்கலமும் தாங்கும். பாறசாலையில் செயலியின் வேகம் ஒரு பொருட்டே அல்ல. சில கிலோமீட்டர் தெற்கே, மின்சாரம் எப்போது திரும்பும் என்று தெரியாத வீட்டில், பாடம் படித்து முடியும்வரை திரை அணையாதிருக்குமா என்பதில் அதற்கும் பங்கிருந்தது. மின்சேமிப்பின் வரலாறு நிறுவனங்களின் வெளியீட்டுப் பட்டியலாக எழுதப்படும்போது இந்த வேறுபாடு விடுபட்டுப்போகிறது.

தொழில்நுட்பமும் அங்கேயே நிற்கவில்லை. டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்கக் கசிவு மின்னோட்டம் பெருகியது. மின்னழுத்தத்தை முன்போல் இறக்க இயலாது போயிற்று. மெதுவாக நீண்ட நேரம் ஓடுவதைவிட, வேலையை விரைந்து முடித்து ஆழ்ந்து உறங்குவதே பல சமயங்களில் சிக்கனம் என்றாயிற்று. 2015இல் வந்த ஸ்கைலேக் செயலிகளில் வேகத்தைத் தேரும் பொறுப்பை வன்பொருளே ஏற்றுக்கொண்டது. ‘ஆன்டிமாண்ட்’ நிரலை எவரும் திறந்து படித்துத் திருத்தலாம்; செயலிக்குள் குடிபுகுந்த இந்த முடிவை, கட்டற்ற மென்பொருளில் பயின்ற பாறசாலை மாணவரும் வாசிக்க இயலாது.