சீருடைக்கு முன்பே சங்கம்: ஜேம்ஸ் ரீஸ் யூரோப்

முதல் உலகப் போரில் ‘ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்’ என்று பெயர் வாங்கிய கறுப்பினப் படைப்பிரிவின் பேண்டை நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். பிரான்சுக்கு ஜாஸைக் கொண்டுபோனவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் செய்த ஒரு வேலையைத்தான் தோழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைய நியூயார்க்கில் வெள்ளைப் பணக்காரர்களின் விருந்துகளில் வாசிக்கக் கறுப்பினக் கலைஞர்களைத்தான் கூப்பிடுவார்கள். வாசிப்பதோடு பரிமாறவும் வேண்டும், பாத்திரமும் கழுவ வேண்டும். பல இடங்களில் கூலி என்று தனியாகக் கிடையாது, விருந்தினர் போடும் சில்லறைதான். 1910ல் யூரோப் ‘கிளெஃப் கிளப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். கலைஞர் வேண்டுமென்றால் இனி சங்கத்திடம் கேட்க வேண்டும். பேசிய கூலி, போக்குவரத்துச் செலவு, தங்குமிடம் எல்லாம் தர வேண்டும். வேலைக்காரராக அல்ல, இசைஞராக நடத்த வேண்டும்.

1912 மே 2 அன்று கார்னகி அரங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின இசைஞர்களை மேடையேற்றினார். மாண்டலின், பாஞ்சோ, பத்து பியானோக்கள்! ஐரோப்பிய சிம்பொனியைப் போல இல்லையே என்று குறை சொன்னவர்களிடம், எங்கள் இசைக்கு எங்கள் கருவிகள் என்ற நிலையில் உறுதியாக நின்றார். அவரோடு வேலை செய்த யூபி பிளேக் பின்னாளில் ஒன்றை நினைவுகூர்ந்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தும் பாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டு போவார்களாம். கறுப்பர்களுக்குப் படிப்பு வராது, இசை பிறவியிலேயே வருவது என்று வெள்ளையர் நம்ப விரும்பினார்கள். திறமையைப் புகழ்ந்துகொண்டே உழைப்பை மறுப்பது இப்படித்தான்.

1916ல் படையில் சேர்ந்து அதிகாரியானார். 1917ல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் பயிற்சி. செய்தித்தாள் வாங்க ஓட்டலுக்குள் போன அவருடைய சகா நோபிள் சிஸ்லை, தொப்பியைக் கழற்றவில்லை என்று ஓட்டல்காரர் அடித்து உதைத்தார். கொதித்தெழுந்த வீரர்களை அடக்கி வெளியே அனுப்பியவர் யூரோப். அந்தக் கட்டுப்பாட்டுக்கு என்ன விலை கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1918 தொடக்கத்தில் பிரான்சில் இறங்கிய படைப்பிரிவுக்கு முதலில் கிடைத்தது துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. பிறகு அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் அவர்களைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார். சொந்த நாட்டு வெள்ளை வீரர்களோடு சேர்ந்து போரிட இடமில்லை, ஆனால் சாக இடமிருந்தது. பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சுத் துப்பாக்கியோடு 191 நாட்கள் முன்னணியில் நின்றார்கள். இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இருந்த யூரோப் நச்சுப் புகைத் தாக்குதலில் சிக்கி, மருத்துவமனைப் படுக்கையிலும் பாட்டு எழுதினார். படைப்பிரிவுக்குப் பிரான்சு ‘குருவா து கேர்’ விருது அளித்தது.

1919 பிப்ரவரி 17 அன்று ஐந்தாம் அவென்யூவில் வெற்றி ஊர்வலம். போருக்குப் போகும்போது நகரின் வழியனுப்பு அணிவகுப்பில் இவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. மே 9 அன்று பாஸ்டன் கச்சேரியில் தன் குழுவின் டிரம்மர் ஒருவரே கத்தியால் குத்த, யூரோப் இறந்தார். நியூயார்க் நகரம் ஒரு கறுப்பினத்தவருக்குப் பொது இறுதி ஊர்வலம் நடத்தியது அதுவே முதல் முறை. அந்தக் கோடையிலேயே நாடெங்கும் கறுப்பர்கள் மீது வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. போரிலிருந்து திரும்பிய வீரர்களும் தப்பவில்லை.

சிஸ்லும் பிளேக்கும் 1921ல் ‘ஷஃபிள் அலாங்’ இசை நாடகத்தைப் பிராட்வேக்குக் கொண்டுவந்தார்கள். படைப்பிரிவுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் அறிவித்தது 2021ல். அப்போது அதில் போரிட்ட ஒருவரும் உயிரோடு இல்லை.