104 அடிக்குக் கீழே

முல்லைப் பெரியாறு பற்றிய எந்தச் செய்தியிலும் 136, 142 என்று இரண்டு எண்கள் வரும். தேனிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அவை தெரியும். எனக்குப் பிடித்தது ஓரமாக வரும் மூன்றாவது எண்: 104. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போய்விட்டால் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வராது. அணையில் தண்ணீர் கிடக்கும், ஆனால் எடுக்க முடியாது.

152 அடித் தேக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் பயன்படாது என்றால், மென்பொருள் வேலை பார்க்கிற எனக்கு முதலில் அது டிசைன் கோளாறாகத்தான் தோன்றியது. உண்மையில் இந்த அணையின் மொத்த யோசனையும் அந்த 104 அடியில்தான் இருக்கிறது.

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிற ஆறு. மலைமுகட்டுக்குக் கிழக்கே நம் பக்கம் மழை குறைவு. வைகையை நம்பிய நிலம். வைகையின் கடைக்கோடியில் இருந்த ராமநாதபுரம் சீமைக்குத்தான் முதலில் வலித்தது. 1789இல் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, விவரமான 12 பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். ஆற்றைத் திருப்பலாம் என்று வந்து சொன்னார்கள். ஆனால் பணம் இல்லை. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி போய் அளந்தார். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, முகடு உயரத்தில் நிற்கிறது. 100 அடிக்கு மேல் ஆழமாக வெட்டினால்தான் தண்ணீர் இந்தப் பக்கம் வரும். இது வெறும் பகற்கனவு என்கிற தொனியில் எழுதிவிட்டு இறங்கிவிட்டார்.

கால்டுவெல் கணக்கில் தப்பே இல்லை. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ‘மலையை எவ்வளவு ஆழம் வெட்டணும்?’ என்பது. பிற்பாடு வந்தவர்கள் ‘ஆற்றை எவ்வளவு உயரம் தூக்கணும்?’ என்று கேட்டார்கள். அணையைக் கட்டி நீரை உயர்த்திவிட்டால், முகட்டுக்கு அடியில் கொஞ்சம் உயரத்திலேயே ஒரு சுரங்கம் குடைந்தால் போதும். அதாவது கீழே கிடக்கும் 104 அடித் தண்ணீர் ஓர் ஏணி. மேலே உள்ள தண்ணீர் அதன்மேல் ஏறி நின்றுதான் சுரங்கத்துக்குள் நுழைகிறது.

‘கேள்வியை மாற்றிப் போடு’ என்பதை இன்று எங்கள் அலுவலகங்களில் ஒரு நாள் பயிற்சியாக நடத்துகிறார்கள். கண்ணாடிச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். மூளைப்புயல் என்பது அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பரப்பியது. ‘பக்கவாட்டுச் சிந்தனை’ என்ற பெயரை எட்வர்ட் டி போனோ 1967இல் வைத்தார். ஆறு நிறத் தொப்பிகளும் அவர் சரக்குதான். நான் இவற்றைக் கேலி செய்யவில்லை. சில சமயம் உதவுகின்றன. என் புகாரெல்லாம் ஒன்றுதான்: சீட்டுகளைப் போட்டோ எடுத்ததும் பயிற்சி முடிந்துவிடுகிறது.

பெரியாற்றில் யோசனை உதித்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. ஆற்றைத் தூக்கும் யோசனை பென்னிகுயிக்கினுடையது மட்டுமல்ல. 1850இல் கேப்டன் ஃபேபர் ஒரு கிளை ஓடையில் சிறிய அணையை ஆரம்பித்தார். காய்ச்சலும் கூலித் தகராறும் அதை நிறுத்தின. 1867இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றைத் திட்டமிட்டார். அதன்பிறகும் காகிதங்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தபோது, திட்டம் கோப்பில் தூங்கியது.

1882இல் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் வந்தது. அவருடைய அணை மண் அணை அல்ல, கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையும். எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. மண் அணை பாதி எழும்பியிருக்கும்போது வெள்ளம் மேலேறி வழிந்தால் அத்தனையும் கரைந்து போச்சு. கல் அணை மூழ்கும், வெள்ளம் வடிந்ததும் அதே இடத்தில் நிற்கும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு வரிசை வைக்கலாம். மென்பொருளில் எங்களுக்குத் தினசரித் தலைவலியும் இதேதான்: வேலை முடிந்தபின் அமைப்பு எப்படி இருக்கும் என்று படம் போட எல்லோருக்கும் வரும், பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிற ஆள் கிடைப்பதுதான் அபூர்வம். அப்படியும் ஆரம்பக்கட்டத் தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை கையெழுத்தானது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். அந்தப் பக்கத்தில் இன்றும் ஆறாத ஒப்பந்தம் அது. அணைக்குக் கீழே வசிப்பவர்களின் பயத்தைக் கேட்காமல் இந்த அணையின் பெருமையை மட்டும் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மறுவருடம் வேலை தொடங்கியது. கூடலூர் அடிவாரத்திலிருந்து சுண்ணாம்பு மேலே போக வேண்டும், காட்டுக்குள் ரோடு இல்லை. கம்பிவடம் கட்டித் தேக்கடிக்கு ஏற்றினார்கள், அங்கிருந்து படகில் அணைக்கு. வடத்தைச் சுற்றியதும் மலையிலிருந்து விழுகிற தண்ணீர்தான். சுமார் 5,700 அடி நீளச் சுரங்கத்தைப் பாறையில் குடைந்தார்கள்.

கொன்றது மலேரியா. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897இல், அணை திறந்து இரண்டு வருடம் கழித்து. திட்டத்தின் வரலாற்றை எழுதிய பொறியாளர் மெக்கன்ஸி, உள்ளூர்ச் சாராயம் இல்லாவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்கிற மாதிரி ஒரு வரி எழுதிவைத்தார். அது நகைச்சுவை இல்லை என்றுதான் நினைக்கிறேன். குளிரிலும் ஈரத்திலும் நின்ற ஆட்களுக்கு அதைத் தவிர வேறு மருந்தில்லை. அணைக்குப் பக்கத்தில் கல்லறைகள் இருக்கின்றன. செத்த கூலியாட்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

பென்னிகுயிக் இங்கிலாந்தில் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று தேனியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பெயர். அந்த நன்றியில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. ஆனால் இது மாகாண அரசின் பணத்தில், எட்டு வருட அரசுத் திட்டமாகக் கட்டிய அணை. ஒரு மனிதர் வீட்டை விற்ற கதை நெஞ்சைத் தொடுகிறது என்பதற்காக, வெள்ளம் தாங்குகிற கல்லைத் தேர்ந்தெடுத்த அவருடைய மூளை மறந்துபோவதில்தான் எனக்கு வருத்தம்.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். தண்ணீர் சுரங்கம் தாண்டி, சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மிச்சம் பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்பி மதுரை, மேலூர்ப் பக்கம் போகிறது. முதலில் 12 பேரை அனுப்பிய ராமநாதபுரம் அதற்கும் கீழே இருக்கிறது. அங்கே பெரிய கண்மாய் இன்றும் வைகையில் மிஞ்சி வருவதை எதிர்பார்த்துக் கிடக்கிறது.