சேணம் காத்த கைகள்

வாளின் கூர்மையையும் குதிரையின் வேகத்தையும் பாடிப் புகழ்ந்தோர் பலர். வீரன் அமர்ந்திருந்த சேணத்தையும், அதனைத் துடைத்து, எண்ணெய் பூசி, தையல் பிரிந்த இடத்தை ஒக்கிட்டுக் காத்த கைகளையும் நினைத்தவர் மிகச் சிலரே.

அரபியில் சேணத்திற்கு ‘ஸர்ஜ்’ என்றும், அதனைச் செய்பவருக்கு ‘ஸர்ராஜ்’ என்றும் பெயர். ஹிஜ்ரி 378இல் (கி.பி. 988) மறைந்த, ‘கிதாபுல் லுமஃ’ ஆசிரியரான ஸூஃபி மேதை அபூ நஸ்ர் அவர்களை உலகம் ‘அஸ்ஸர்ராஜ்’ என்றே அறியும். தோல் பதனிட உதவும் கருவேலங்காய்க்கு அரபியில் ‘கரழ்’ என்று பெயர். அதனை வாணிபம் செய்தமையால் குபா பள்ளியின் முஅத்தினாரான நபித்தோழர் ஸஅத் (ரலி) அவர்கள் ‘ஸஅதுல் கரழ்’ என வழங்கப்பெற்றார்கள். தொழிற்பெயரைச் சூடிக்கொள்வதை அக்காலத்தார் இழிவாகக் கருதவில்லை.

மம்லூக் சுல்தான்களின் கெய்ரோவில் இத்தொழில் உச்சம் பெற்றது. சேணங்களும் கடிவாளங்களும் வைத்துக் காக்கப்பட்ட அரண்மனைப் பண்டசாலை ‘ரிகாப்கானா’ எனப்பட்டது. ‘ரிகாப்’ என்றால் அங்கவடி. அதனை கல்கஷந்தீ (மறைவு கி.பி. 1418) தம் நூலில் விவரித்துள்ளார். கடிவாளம் செய்வோரின் தனிக் கடைவீதியை மக்ரீஸீ (மறைவு கி.பி. 1442) வருணிக்கிறார். மஞ்சளும் நீலமுமாகச் சேணங்கள் மின்னிய அந்நகரில், காழிகளும் கல்விமான்களும் கருநிறத் தோற்சேணத்தில் அமர்ந்து சென்றனர் என்கிறார். சுல்தான் நாஸிர் முஹம்மதின் (மறைவு கி.பி. 1341) குதிரை மருத்துவரான அபூபக்ர் அல்பைதார், குதிரை மருத்துவத்தையும் குதிரைப் பராமரிப்பையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார்.

இத்துணைக் கவனம் ஆடம்பரத்திற்காக மட்டுமன்று. குதிரையின் வியர்வையில் உப்பு உண்டு. அது தோலில் ஊறிக் காய்ந்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஆகவே சவாரி முடிந்தவுடன் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் நெருப்பும் தோலின் பசையை உறிஞ்சிவிடும். பின்னர் எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். மிகுதியானால் தோல் தொய்ந்து வார் நீளும், தையலும் இற்றுப்போகும். கடிவாளத்தின் வாயிரும்பைக் கழற்றியதும் கழுவிவிட வேண்டும். உமிழ்நீரோடு காய்ந்து ஒட்டிய தீவனம் மறுநாள் குதிரையின் வாயைப் புண்ணாக்கும்.

வயிற்றுவார் அறுந்தால் வீரன் வீழ்வான். எத்துணை வீரமும் அங்கே பயன்படாது. சேணத்தின் அடியில் ஒட்டிய அழுக்கோ குதிரையின் முதுகை அரித்து ரணமாக்கும். வீரனுக்கு வலித்தால் அவன் முறையிடுவான். குதிரை யாரிடம் முறையிடும்? வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விளக்கொளியில் வாரைத் துடைத்துக்கொண்டிருந்த பெயர் தெரியாத பணியாளன் அந்த அமானிதத்தைத்தான் நிறைவேற்றினான். வெற்றிகளைப் படிக்கும்போது அவனையும் நினைப்பது நம் கடமை.