நன்னூலின் கற்றல் முறையும் கற்றற் சொற்களின் வரலாறும்

முன்னுரை

தமிழ் மரபுக் கல்வி மனப்பாடக் கல்வியே என்னும் கருத்துப் பரவலாக நிலவுகிறது. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டு, கேட்டதை மாறாமல் ஒப்பித்தலே பழைய கல்வி என்பர். கற்கும் முறையை வகுத்துரைக்கும் நன்னூற் பொதுப்பாயிரத்தை ஊன்றி நோக்கின் இக்கருத்து முழுதும் பொருந்துவதன்று என்பது புலனாகும்.

நன்னூலைப் பவணந்தி முனிவர் சீயகங்கனின் வேண்டுகோளால் இயற்றினார் என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178-1218) காலத்துச் சிற்றரசன்; கங்கர் மரபினன். கங்கரின் பழைய தலைநகராகிய குவளாலபுரம் இன்றைய கோலார். அது பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழும் கன்னடமும் நெருங்கிப் பழகிய நிலப்பகுதியோடு தொடர்புடைய ஒரு குடியின் ஆதரவில் இந்நூல் எழுந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நன்னூல் வகுக்கும் கற்றல் முறையையும், அம்முறையைக் குறித்த சொற்கள் பிற்காலத்தில் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடம் கேட்டலும் பயிறலும்

பொதுப்பாயிரத்தின் 40 முதல் 45 வரையுள்ள நூற்பாக்கள் மாணவர்க்குரியவை. இவற்றுள் முதலாவது, ஆசிரியரிடம் பாடம் கொள்ளும் முறையைக் கூறுகிறது. உரிய பொழுதிற் செல்லுதல், ஆசிரியரின் குறிப்பறிந்து நடத்தல், நீர் வேட்கை கொண்டவனைப் போன்ற ஆர்வம், ஓவியம் போன்ற அசைவின்மை, செவியே வாயாகவும் நெஞ்சே கொள்கலமாகவும் கேட்டல், முன்பு கேட்டவற்றை மீண்டும் கேட்டு உள்ளத்தில் அமைத்தல் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. மரபுக் கல்வி அடக்கத்தையும் மனப்பாடத்தையும் மட்டுமே வற்புறுத்தியது என்று கூறுவோர் பெரும்பாலும் இந்நூற்பாவோடு நின்றுவிடுகின்றனர்.

அடுத்த நூற்பா வேறொரு நிலைக்குச் செல்கிறது. வழக்கினை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை ஆராய்தல், ஆசிரியரை மீண்டும் அடைந்து அவற்றை உள்ளத்தில் அமையுமாறு கேட்டல், தகுதியுடைய பிறரோடு பயிறல், வினாதல், வினாவிற்கு விடை கூறுதல் என அது நிரல்படுத்துகிறது. இவ்வரிசையில் பாடம் போற்றல் ஒன்றே நினைவாற்றலைச் சார்ந்தது. ஏனையவை ஆராய்ச்சியையும் உரையாடலையும் சார்ந்தவை. அறியாமை நீங்குதல் இவை அனைத்தின் பயனாகவே கூறப்படுகிறது.

அதன்பின் வரும் நூற்பாக்கள் திருப்பிக் கேட்டலின் பயனைக் கூறுகின்றன. இருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் வரும். இங்கும் திருப்புதலின் முடிவாகக் காட்டப்படுவது எடுத்துரைத்தலே என்பது கருதத்தக்கது.

காற்கூறுக் கணக்கு

இப்பகுதியின் உச்சம் அடுத்து வரும் கணக்காகும். ஆசிரியர் உரைத்ததை எத்துணைச் செம்மையாகக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும் என்கிறது நன்னூல். இன்னொரு காற்பங்கு உடன் பயில்வோரோடு பழகுதலால் வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே விரித்துரைப்பதால் வரும். ஓர் இலக்கண ஆசிரியரே ஆசிரியரின் பங்கைக் காற்கூறாக வரையறுப்பது வியப்புக்குரியது.

இதனோடு ஒப்பிடத்தக்க வடமொழிச் சுலோகம் ஒன்று உண்டு. அது கல்வியை நான்கு சமபங்காக்கி, ஆசிரியர், மாணவரின் சொந்த அறிவு, உடன் கற்போர், காலம் ஆகிய நான்கிற்கும் ஒவ்வொன்றாக அளிக்கிறது. இரண்டிலும் ஆசிரியரின் பங்கும் உடன் கற்போரின் பங்கும் ஒத்துள்ளன. வேறுபாடு எஞ்சிய பாதியில் உள்ளது. வடமொழிச் சுலோகம் அதனை இயற்கையறிவுக்கும் காலத்துக்கும் விடுகிறது. நன்னூலோ அதனை மாணவர் தாமே மேற்கொள்ளத்தக்க ஒரு செயலுக்கு உரியதாக்குகிறது.

உ.வே. சாமிநாதையரின் (1855-1942) வாழ்க்கை இக்கணக்கிற்குத் தக்க சான்று. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815-1876) பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். ஆயினும் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான பின், சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அதனைத் தாம் கற்றதில்லை என்பதை உணர்ந்தார். முதலியார்க்கு அந்நூலைப் பாடம் சொல்லிக்கொண்டே அவர் அதனைக் கற்றார். விளங்காத சமய வழக்குகளைச் சைன அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அம்முயற்சி 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக நிறைவெய்தியது. உடன் ஆராய்தல், வினாதல், விரித்துரைத்தல் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

திண்ணைப் பள்ளிகளில் முதிர்ந்த மாணவரைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையோரைப் பயிற்றிய வழக்கமும் நோக்கத்தக்கது. சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைக் கைக்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் இம்முறை 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. எனினும் இங்கிலாந்தில் இது பரவியபோது, குறைந்த செலவில் பலர்க்குக் கற்பிக்கும் வழி என்றே பெரிதும் மதிக்கப்பட்டது. கற்பிக்கும் மாணவர் அடையும் புலமையே நன்னூலின் கருத்து. செயல் ஒன்றாயினும் நோக்கம் வேறு.

சொற்களின் வரலாறு

இத்துணைத் தெளிவான முறை மறைந்து மனப்பாடம் ஒன்றே மரபாகத் தோன்றியதற்குச் சொற்பொருள் மாற்றமும் ஒரு காரணமாகும். 'பாடம்' என்னும் சொல் முதலில் ஓதப்படும் பகுதியையும் அதனை ஓதுதலையும் குறித்தது. 'பாடம் கேட்டல்' என்பது விளக்கம் கேட்டலையும் உள்ளடக்கியது. பின்னர் 'பாடம் செய்தல்' நெட்டுருவைக் குறித்தது. 'மனப்பாடம்' அப்பொருளை நிலைநிறுத்தியது.

'கேள்' என்னும் வினையும் கருதத்தக்கது. செவிமடுத்தல், வினாதல் ஆகிய இருபொருளும் அதற்கு உண்டு. கன்னடத்துக் 'கேளு' என்பதற்கும் இவ்விரு பொருளும் உள. இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களாற் குறிக்கும் ஆங்கிலம் போன்ற மொழிகளில் நன்னூலைப் பெயர்ப்போர், ஆசிரியரை மீண்டும் அடைந்து கேட்டலைச் செவிமடுத்தல் என்று மட்டும் கொண்டால் மாணவரின் வினா மறைந்துவிடும்.

பெங்களூரின் நீலசந்திரா போன்ற பகுதிகளில் தமிழ் மாணவர் கன்னடத்தையும் நாள்தோறும் கேட்கின்றனர். கன்னடத்தில் 'ஓது' என்பது வாசித்தலையும் கல்வி பயிலுதலையும் குறிக்கும் அன்றாடச் சொல். அதன் இனச்சொல்லாகிய தமிழ் 'ஓது' பழைய நூல்களில் கற்றற்பொருள் உடையதாயினும், இன்று தேவாரம் ஓதுதல், குர்ஆன் ஓதுதல் எனச் சமய வழக்கில் ஒதுங்கிவிட்டது. அதன் இடத்தைப் 'படி' என்னும் வினை பெற்றது. 'படி' வாசித்தலையும் கற்றலையும் ஒருசேரக் குறிப்பதால், நூலை வாசித்து முடித்தலே கற்று முடித்தல் என்னும் மயக்கத்திற்கு இடமுண்டாகிறது. மாறாகக் 'கல்', கன்னடக் 'கலி' ஆகிய இனச்சொற்கள் கைத்தொழில், கலை, மொழி ஆகிய எத்திறனைப் பெறுதலையும் குறிக்கும் விரிந்த பொருளுடையன.

பொருள் மாற்றத்தால் நேரும் இடர்க்கு இன்னொரு சான்றும் உண்டு. பாடம் சொல்லத் தகாதவரின் பட்டியலில் நன்னூல் 'ஏழை'யையும் சேர்க்கிறது. இன்றைய பொருளிற் கொண்டால், வறியவர்க்குக் கல்வி மறுக்கப்பட்டது என்றாகும். இச்சொல் இங்கு அறிவிற் குறைந்தவனையே குறிக்கிறது. திருக்குறளிலும் இப்பொருள் உண்டு. அக்காலக் கல்வி எல்லார்க்கும் திறந்திருந்தது என்று இதனாற் கொள்ளவியலாது. ஆயினும் நூல் சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றுதல் மொழிபெயர்ப்பாளர்க்குத் தகாது.

முடிவுரை

நன்னூல் மனப்பாடத்தைத் தள்ளவில்லை; அதனைத் தொடக்கநிலையில் நிறுத்துகிறது. கேட்டல், போற்றல், ஆராய்தல், பயிறல், வினாதல், உரைத்தல் என்னும் படிகளில் இறுதியாகிய உரைத்தலே பாதிப் புலமையைத் தருகிறது. கற்கும் பழக்கங்களைப் பற்றிப் பிறமொழிகளில் எழுதப்படுவனவற்றைத் தமிழாக்குவோர் அனைத்தையும் 'படிப்பு' என்னும் ஒரு சொல்லில் அடக்காது, இச்சொற்களை அவ்வவற்றின் பொருள் வரையறையோடு ஆளுதல் வேண்டும். அவ்வாறு ஆண்டால், மாணவர் தாம் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அறிவதற்கு அச்சொற்களே துணைபுரியும்.